சாகசச் சமையல் வீடியோக்கள்: பிள்ளைகள் பார்க்கலாமா என்று முடிவு செய்யும் முறை

கேஸ் டார்ச்சின் நீலச் சுவாலையில் ஒருவர் முழுக் கோழியை வாட்டுகிறார். இன்னொருவர் குளியல் தொட்டி நிறைய நூடுல்ஸைக் கொட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மூன்றாவது ஆள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் முட்டை பொரிக்கிறார். இவற்றில் எதைப் பத்து வயதுப் பிள்ளை பார்க்கலாம்? பெரியவர்களில் பலர் முதல் வீடியோவைக் கண்டு பதறுவார்கள், இரண்டாவதற்கு முகம் சுளிப்பார்கள், மூன்றாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்புவார்கள். நான் நின்று யோசிப்பது மூன்றாவதில்தான். இஸ்திரிப் பெட்டி பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் பார்க்கும் வீடியோவைப் பற்றி முதன்முறையாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர், தாத்தா பாட்டி, விடுமுறையில் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சித்தி, வகுப்பாசிரியர் என யாராகவும் இருக்கலாம். தொழில்நுட்ப அறிவு பெரிதாகத் தேவையில்லை. வீடியோவை முழுதாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிந்து பார்க்க வேண்டாம். "நான் முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டே பாருங்கள். ஒலியை முழுவதும் நிறுத்திவிடுங்கள். இந்த வகை வீடியோக்களில் துள்ளலான இசையும் சிரிப்பொலியும் ஆபத்தை விளையாட்டாக மாற்றிவிடுகின்றன. அவை இல்லாமல் பார்க்கும்போது கண் தானாகவே கைகளின்மேல் போகும். கொதிக்கும் எண்ணெய்க்கு எவ்வளவு அருகில் விரல் இருக்கிறது, முடி கட்டப்பட்டிருக்கிறதா, சட்டைக்கை தொங்குகிறதா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒலியுடன் ஒருமுறை கேளுங்கள். இப்போது கவனிக்க வேண்டியது பேச்சு. ஏதாவது தவறாகப் போகும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? கை சுட்டதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தால், அந்த வீடியோ சொல்லித்தருவது சமையல் அல்ல. அடுப்பை அணைத்துவிட்டு "இங்கே தவறிவிட்டோம்" என்று சொல்பவரின் சேனலை நான் கூடுதல் நம்பிக்கையோடு பார்ப்பேன்.

பின்னூட்டங்களையும் ஒரு நிமிடம் புரட்டுங்கள். "அபாரம்", "பைத்தியக்காரத்தனம்" போன்றவை எதையும் சொல்லாது. "நானும் செய்து பார்த்தேன்", "எங்கள் வீட்டில் இது இல்லை, பதிலாக எதைப் போடலாம்?" என்ற வரிகள் தென்பட்டால் கவனமாகுங்கள். பார்ப்பவர்கள் அதை வேடிக்கையாக அல்ல, செய்முறையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாம் படி: எத்தனை பொருட்கள் வீட்டில் இருக்கின்றன?

இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு மற்ற படிகளை விட்டுவிட்டாலும் பாதிக்குமேல் சரியான முடிவுக்கு வந்துவிடலாம். வீடியோவில் பயன்படும் பொருட்களை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எவை இப்போதே வீட்டில் உள்ளன, எவை கடையில் கேட்டால் கிடைக்கும், எவற்றைக் கனவிலும் வாங்க முடியாது என்று பிரியுங்கள்.

அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் எரிமலைப் பாறையை உலையில் உருக்கி ஓடவிடும் ஆய்வுத் திட்டம் ஒன்று உண்டு. பாறை அப்படி உருக 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பம் வேண்டும். 2014-இல் லண்டனிலிருந்து போன உணவுக் கலைஞர்கள் அந்த நெருப்புக் குழம்பின் வெப்பத்தில் இறைச்சித் துண்டுகளை வாட்டினார்கள். சமையல் சாகசங்களில் இதைவிட மிரட்டலான காட்சி அரிது. ஆனால் எந்தப் பிள்ளையாலும் அதை வீட்டில் செய்ய முடியாது. உலையும் கிடையாது, பாறையும் கிடையாது. தாராளமாகக் காட்டலாம். பாறை ஏன் உருகுகிறது என்ற நல்ல கேள்வியும் கூடவே வரும்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2019-இல் சீனாவில் நடந்தது. 14 வயதும் 12 வயதுமான இரண்டு சிறுமிகள் தகர டப்பாவில், எரிசாராயத்தை எரிபொருளாக வைத்துச் சோளப்பொரி செய்ய முயன்றார்கள். தீ வெடித்துப் பரவியதில் மூத்தவள் இறந்துபோனாள். அலுவலகத்தில் கிடைக்கும் பொருட்களால் சமைத்துக் காட்டிப் புகழ்பெற்றிருந்த ஒருவரின் வீடியோவைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். தன் செய்முறை வேறு என்று அவர் மறுத்தார், ஆனாலும் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். யார் சொன்னது சரி என்பது நமக்கு இங்கே முக்கியமில்லை. டப்பா, எரிசாராயம், சோளம் ஆகிய மூன்றும் எளிதில் கிடைப்பவை. திரையில் பார்க்க அது அழகான, சின்னஞ்சிறு சமையல். பயமுறுத்தும் எதுவும் அதில் இல்லை.

ஆகவே "பார்க்க எவ்வளவு பயமாக இருக்கிறது" என்று அளக்காதீர்கள். "நம் அடுக்களைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது" என்று அளந்து பாருங்கள்.

வீட்டிலேயே இருப்பவற்றில் நான் உடனே நின்று பார்ப்பவை சில: எரிசாராயம், சானிடைசர் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்கள்; ஆழமான சூடான எண்ணெய்; இறுக மூடிய பாத்திரத்தையோ டப்பாவையோ சூடாக்குவது; மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கப்படும் உலோகமும் ஓட்டோடு கூடிய முட்டையும்; சர்க்கரைப் பாகு; மருந்துகள்.

எரிசாராயத்தின் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலே போகும். அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஏறி, எதிரில் நிற்பவர்மேல் பீறிட்டு அடிக்கும். எண்ணெயில் ஆபத்து தண்ணீரால் வருகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. அதனால்தான் பனிக்கட்டியையோ உறைந்த இறைச்சியையோ கொதிக்கும் எண்ணெயில் போடும் வீடியோக்களில் எண்ணெய் பொங்கி எழுகிறது. சர்க்கரைப் பாகை யாரும் சந்தேகிப்பதில்லை. சர்க்கரை நிறம் மாறத் தொடங்குவது 160 டிகிரி செல்சியஸ் அளவில். கொதிநீரைவிட மிகச் சூடானது, அதோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். பாகை நூலாக இழுத்து விளையாடும் வீடியோவில் துளிக்கூடத் தீ தெரியாது.

மருந்து எப்படிச் சமையலுக்குள் வந்தது என்று வியப்பவர்களுக்கு: இருமல் மருந்தில் கோழியை வேகவைக்கும் வீடியோக்கள் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. கொதிக்கக் கொதிக்க மருந்து செறிவடைகிறது. சாப்பிடாவிட்டாலும் அதன் ஆவியைச் சுவாசிப்பதே நுரையீரலைப் பாதிக்கலாம் என்றது அந்த எச்சரிக்கை.

தேடிப்போனால் கிடைக்கும் பொருட்களில் உலர் பனிக்கட்டியும் (உறைந்து திடமான கார்பன் டை ஆக்சைடு) திரவ நைட்ரஜனும் இந்த வீடியோக்களின் செல்லப்பிள்ளைகள். வெண்புகை படமெடுக்க அழகாக இருக்கிறது. உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. 2012-இல் இங்கிலாந்தில், திரவ நைட்ரஜன் கலந்த பானத்தைக் குடித்த 18 வயதுப் பெண்ணின் இரைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. பிள்ளை இதை வீட்டில் செய்யப்போவதில்லை. ஆனால் எங்காவது புகைவிடும் தின்பண்டத்தை யாராவது நீட்டினால் தயங்காமல் வாயில் போட்டுக்கொள்ளும். இப்படிப்பட்ட வீடியோவைத் தடுப்பதைவிட, உடன் அமர்ந்து பார்த்து "புகை முழுவதும் அடங்கும்வரை வாயில் வைக்கக்கூடாது" என்று சொல்லிவைப்பதே பயன்தரும்.

மூன்றாம் படி: காட்டாமல் விட்டது என்ன?

மூன்று நிமிட வீடியோவுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க நடந்த படப்பிடிப்பு இருக்கலாம். தீயணைப்பான், ஈரப் போர்வை, கையுறை, உதவியாள், தோற்றுப்போன முயற்சிகள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். காட்சி சட்டென்று தாவும் இடங்களைக் கவனியுங்கள். அடுப்பில் வைத்த பாத்திரம் அடுத்த நொடியில் மேசைக்கு வந்துவிட்டதென்றால் நடுவில் என்ன நடந்தது? அதை யார், எதைப் பிடித்துத் தூக்கினார்?

ஏமாற்று வித்தைகளும் இதில் சேரும். கிரீம் என்று காட்டுவது முகச்சவர நுரையாக இருக்கலாம், பால் என்பது பசையாக இருக்கலாம். பொய் வீடியோவால் என்ன கெட்டுவிடும், ஏமாந்துதானே போகும் என்று தோன்றும். விஷயம் அப்படி முடிவதில்லை. திரையில் வந்தது தனக்கு வரவில்லை என்றால், பிள்ளை வீடியோமேல் சந்தேகப்படுவதில்லை. தான் செய்ததில்தான் குறை என்று நினைக்கிறது. இன்னும் கொஞ்சம் சூடு, இன்னும் கொஞ்சம் நேரம் என்று போகிறது. நடக்கவே முடியாத செய்முறைக்கு எங்கே நிறுத்துவது என்ற எல்லையும் கிடையாது. இந்தக் காரணத்தால், உண்மையாகவே செய்து காட்டும் ஆபத்தான வீடியோவைவிடப் போலி வீடியோவை நான் சில நேரம் மோசமாக மதிப்பிடுவேன்.

"இதை வீட்டில் முயற்சிக்காதீர்கள்" என்ற வாசகத்துக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுப்பது? என் கணக்கில் பூச்சியம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் எழுத்து. பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அது அழைப்பிதழ். ஏன் முயற்சிக்கக்கூடாது, தவறினால் என்ன ஆகும் என்று வீடியோவிலேயே ஒருவர் விளக்கினால் மட்டும் மதிப்பு உண்டு.

நான்காம் படி: சமைப்பது ஒன்று, சாப்பிடுவது வேறு

இதுவரை சொன்னது சமைக்கும் சாகசத்துக்கு. சாப்பிடும் சாகசத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். அங்கே எந்தக் கருவியும் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். உங்கள் அடுக்களைக்கும் திரைக்கும் தூரமே இல்லை.

அமெரிக்காவில் 2023-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன், இணையச் சவாலாகப் பரவியிருந்த மிகக் காரமான ஒற்றை வறுவல் துண்டைச் சாப்பிட்ட பின் இறந்துபோனான். காரத்தைத் தரும் கேப்சைசின் மிகுந்த உணவை அவன் உட்கொண்டிருந்ததும், அவனுக்கு ஏற்கெனவே இதயக் குறைபாடு இருந்ததும் உடற்கூறாய்வில் தெரியவந்தன. பொட்டலத்தில் பெரியவர்களுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். தயாரிப்பு பின்னர் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன குறை இருக்கிறது என்பது வெளியே தெரியாது என்பதால் கார சவால்களில் "கொஞ்சமாக என்றால் பரவாயில்லை" என்ற சலுகையை நான் தருவதில்லை. வேகமாக விழுங்கும் போட்டி, வாய் நிறைய அடைத்துக்கொள்ளும் போட்டி, பொடியை உலர்வாக விழுங்கும் சவால் ஆகியவையும் அப்படித்தான். மூச்சு அடைத்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

மலைபோல் உணவைக் குவித்துவைத்துத் தின்னும் வீடியோக்கள் வேறு வகை. தென் கொரியாவில் 2010 வாக்கில் நேரலையாகத் தொடங்கிய இந்தப் பழக்கம் உலகம் முழுவதும் பரவிவிட்டது. உணவு வீணாவதைத் தடுக்கும் சட்டத்தைச் சீனா 2021-இல் கொண்டுவந்தபோது, அளவின்றித் தின்னும் வீடியோக்களைத் தயாரிப்பதற்கும் பரப்புவதற்கும் அதில் அபராதம் வைத்தது. ஒரு வீடியோவைப் பார்த்ததால் பிள்ளை பத்துத் தட்டு சாப்பிட்டுவிடாது. ஆனால் உடல் எடை பற்றிய கேலியைக் கேட்டு வருந்தும் பிள்ளை, சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளை, ஒளித்துவைத்துச் சாப்பிடும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வகையை ஒதுக்கிவிடுங்கள். அங்கே காயம் ஒரே நாளில் வெளியே தெரியாது. உயிரோடு உள்ள பிராணிகளைச் சமைப்பதும் தின்பதும் வரும் வீடியோக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்.

ஐந்தாம் படி: இப்போது பிள்ளையைப் பாருங்கள்

ஒரே வீடியோ ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பொருள் தரும். மூத்தவள் வாய்பிளந்து பார்த்துவிட்டு மறந்துவிடுவாள். இளையவன் முடிவதற்குள் எழுந்து அலமாரியைத் திறப்பான். வயதைவிட இந்தச் சுபாவத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பொம்மையைப் பிரித்துப் பார்ப்பவனா, படம் வரைவதற்கு முன் காகிதத்தைக் கசக்கிச் சோதிப்பவனா, அவன் செய்துபார்ப்பவன். கூடாத பழக்கமில்லை அது, நல்ல பழக்கம். ஆனால் அவனுக்குத் தனியாகப் பார்க்க அனுமதி கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும்.

பொதுவாக ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நடிப்பும் நிஜமும் கலங்கலாகவே இருக்கும். பத்து முதல் பதினான்கு வரை வேறு சிக்கல்: அது ஆபத்து என்று தெரியும், ஆனால் நண்பன் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை அறிவை முந்திவிடும். கேமரா உள்ள செல்பேசி கையில் இருந்தால் ஆசை இரட்டிப்பாகும். பார்ப்பவன் மட்டுமாக இருந்தவன் காட்டுபவனாக மாறும் இடம் அது.

ஆறாம் படி: முடிவைச் சொல்லுங்கள், அமைப்புகளை மாற்றுங்கள்

மதிப்பெண் அட்டவணையெல்லாம் தேவையில்லை. தனியாகப் பார்க்கலாம், என்னோடு பார்க்கலாம், இப்போது வேண்டாம் என்ற மூன்றில் ஒன்று. பெரும்பாலான சாகசச் சமையல் வீடியோக்கள் நடுவில்தான் விழும். "இப்போது வேண்டாம்" என்றால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "அதில் வரும் திரவம் நம் வீட்டிலும் இருக்கிறது, அது எரிவது கண்ணுக்குத் தெரியாது" என்பது காரணம். "அதெல்லாம் கெட்ட வீடியோ" என்பது காரணமல்ல.

யூடியூபில் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான கணக்குக்குப் பல நாடுகளில் குறைந்தபட்ச வயது 13. 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸ் செயலியில், நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியுமாறு வைக்க முடியும். சிறுபிள்ளைகளுக்கு அதுவே போதும். சற்று வளர்ந்தவர்களுக்குப் பெற்றோர் கட்டுப்படுத்தும் மேற்பார்வைக் கணக்கு உண்டு. அதில் 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல் என்ற அளவுகளில் உள்ளடக்கத்தைத் தேர்வு செய்யலாம், குறிப்பிட்ட சேனல்களைத் தடுக்கவும் செய்யலாம். ஆட்டோபிளேயை நிறுத்திவிடுங்கள். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டது ஒரு வீடியோவைத்தான், அதன் பின்னால் வரிசையில் நிற்பவற்றை அல்ல.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சில வீடியோக்களில் "குழந்தைகளுக்கானது" என்ற அடையாளம் இருக்கும். அது தரச் சான்று அல்ல. குழந்தைகளின் தகவல்களைத் திரட்டுவது பற்றிய அமெரிக்கச் சட்டத்தின் விளைவாக 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு அது. பின்னூட்டம் இருக்காது, பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரம் இருக்காது. வீடியோவில் வரும் சமையல் பாதுகாப்பானதா என்று யாரும் சமைத்துப் பார்த்து முத்திரை குத்தவில்லை.

ஏழாம் படி: ஆசைக்கு ஒரு வழி

"அம்மா, நாமும் இதைச் செய்யலாமா?" என்று கேட்டால் அது நல்ல செய்தி. கேட்காமல் செய்பவர்களைப் பற்றித்தான் கவலை. "எது பிடித்தது உனக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் தீயாக இருக்காது. பெரிதாக இருந்தது, நுரைத்துப் பொங்கியது, நிறம் மாறியது, எல்லோரும் வியந்தார்கள் என்று ஏதாவது வரும். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் தீயின்றிப் பொங்கும். மிகப் பெரிய அப்பத்தை நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ள, பிள்ளை மாவைக் கலக்கிச் செய்யலாம். வேண்டுமானால் படமும் எடுக்கட்டும். தோற்றுப்போன முதல் முயற்சியை வெட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எட்டுமானால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிட்டு, விலகி வந்து பெரியவரைக் கூப்பிட வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் நின்று, தரையில் படுத்து உருள வேண்டும். தோல் சுட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிய இடத்தில் சுட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "திட்டுவார்கள்" என்ற பயத்தில் காயத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. சொன்னால் திட்டமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்.

குடும்பக் குழுக்களில் பகிர்வது பற்றி ஒரு வார்த்தை. ஆபத்தான வீடியோவைக் கண்டதும் "பெற்றோரே உஷார்" என்று அதையே எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும். இருமல் மருந்துக் கோழி விஷயத்தில் அரசின் எச்சரிக்கை செய்தியான பிறகுதான் அதைத் தேடுவோர் எண்ணிக்கை எகிறியது. அதுவரை கேள்விப்படாதவர்கள் எச்சரிக்கையால் கேள்விப்பட்டார்கள். ஆகவே வீடியோவை அனுப்பாதீர்கள், அதன் பெயரையும் பிள்ளைகள் இருக்கும் குழுவில் எழுதாதீர்கள். உங்கள் பிள்ளை அடிக்கடி போகும் வீடுகளின் பெரியவர்களைத் தனியாக அழைத்து, எந்தப் பொருளை உயரத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.